உடைந்த துண்டைக் கேட்டுப் பாருங்கள்

போன ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் நான் சொன்ன ஒரு யோசனையால் படிவம் 4 மாணவன் ஒருவனுக்கு 60 ரிங்கிட் நட்டம். இரண்டு தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து, யாரோ ஓட்டிப் பழசாக்கிய ஒரு ராக் கிராலரை அவன் வாங்கியிருந்தான். ரிமோட்டில் ஓடும் கார்தான். ஆனால் பாறை ஏறும் கார். அதன் ஸ்டீயரிங் பாகம் ஒன்று கெட்டுப்போனபோது, “இதைவிட உறுதியானதைப் போடு” என்றேன். போட்டான். அதற்கு அடுத்து உடைந்த பாகம் முன்பு கெட்டதைவிட முப்பது மடங்கு விலை.

ஓர் ஆசிரியர் தன் தவற்றைப் பத்திரிகையில் எழுதுவது கொஞ்சம் சங்கடமான வேலைதான். ஆனாலும் எழுதக் காரணம் இருக்கிறது. ஒரு பொருள் உடைந்தால் நம்மில் பலரும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவோம். அல்லது முன்பைவிடக் கெட்டியானதை வாங்குவோம். ஏன் உடைந்தது என்று கேட்பதில்லை. வகுப்பில் ‘ஏன், எப்படி’ என்று கேட்கச் சொல்லிக் கொடுக்கும் நானே அன்று கேட்கவில்லை. பள்ளி அறிவியல் கழகங்கள் புதிதாக ஒன்றைச் செய்வதற்குத் தரும் மதிப்பில் பாதியாவது பழுதுபார்ப்பதற்குத் தர வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கருத்துக்கு வந்த வழி அந்தக் காரின் முன் சக்கரங்கள் வழியாகத்தான் போகிறது.

ராக் கிராலர் வேகமாக ஓடாது. பெரும்பாலும் உண்மையான வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டிருக்கும். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும். ஆமை வேகத்தில் ஊர்ந்து, கல்லின்மேல் ஏறி, சரிந்து, மறுபடி ஏறும். டயர்கள் அழிப்பான்போல மிருதுவானவை. பாறையைக் கவ்விப் பிடிக்கும். அந்தப் பிடிப்பு ஏறுவதற்கு நல்லது, ஸ்டீயரிங்குக்குக் கெடுதல். ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தைத் திருப்புவது சுலபம். இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கி நிற்கும் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். போதாததற்கு, ஏறும்போது முன்பக்கம் தூக்காமல் இருக்கப் பலர் முன் அச்சில் பித்தளைக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். எடை கூடினால் உராய்வும் கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆக, உடம்பில் எல்லா இடத்தையும்விட அதிகம் அடிபடுவது இந்தக் காரின் மணிக்கட்டுதான்.

அந்த மணிக்கட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ரிமோட்டில் நாம் தரும் கட்டளை காருக்குள் இருக்கும் செர்வோ என்ற சிறு பெட்டிக்குப் போகிறது. அதற்குள் ஒரு சின்ன மோட்டார், வரிசையாகச் சில பற்சக்கரங்கள், அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளந்து சொல்லும் உணர்கருவி, ஒரு மின்சுற்று. செர்வோவின் அச்சில் ஒரு குட்டைக் கை மாட்டியிருக்கும். அந்தக் கை ஒரு தண்டைத் தள்ளும் அல்லது இழுக்கும். அந்தத் தண்டு ஒரு பக்கச் சக்கரத்தைத் தாங்கும் மூட்டைத் திருப்பும். இந்த மூட்டுக்குப் பட்டறைப் பெயர் ‘நக்கிள்’. வேகமாகச் சொன்னால் ‘நக்கல்’ என்று காதில் விழும். எங்கள் கழகத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு பக்க நக்கிளிலிருந்து மறுபக்க நக்கிளுக்கு நீளமாக ஒரு தண்டு போகும். அதுதான் தை ராட். பெரிய காரிலும் அதே பெயர்தான். உங்கள் அப்பா கார் பழுதுபார்க்கும் கடையில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்.

மாணவன் முதலில் கொண்டுவந்த கோளாறு இது. “சார், வலது பக்கம் நல்லா திரும்புது. இடது பக்கம் பாதிதான் வருது. செர்வோ வீக்குன்னு சொன்னாங்க, 60 வெள்ளி குடுத்துப் பெரிசா மாத்திட்டேன். இப்ப இன்னும் மோசம்.”

இந்த நான்கு வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. செர்வோவில் வலு இல்லை என்றால் இரண்டு பக்கமும் அல்லவா சோர்ந்து போக வேண்டும்? ஒரு பக்கம் மட்டும் ஏன்?

காரை மேசைமேல் வைத்தோம். ஒருவன் இடது சக்கரத்தைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் ரிமோட்டில் வலப்பக்கம் திருப்பினான். பிடித்திருந்த கை தோற்றது. இடப்பக்கம் திருப்பினான், சக்கரம் அசையவில்லை, ஆனால் தை ராட் வில்லைப்போல வளைந்தது. செர்வோ தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அது தந்த அசைவையெல்லாம் அந்த பிளாஸ்டிக் தண்டு தன் வளைவிலேயே விழுங்கிவிட்டது.

இந்தக் காரில் செர்வோ வலது நக்கிளோடு நேராக இணைந்திருக்கிறது. இடது சக்கரத்துக்கு விசை தை ராட் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பக்கம் திருப்பும்போது அந்தத் தண்டு இழுக்கப்படுகிறது. மறுபக்கம் திருப்பும்போது தள்ளப்படுகிறது. நூலால் ஒரு பொருளை இழுக்கலாம், தள்ள முடியுமா? மெல்லிய தண்டுகளும் கொஞ்சம் நூலின் இனம்தான். இழுத்தால் நேராக நிற்கும்; ஒரு வரம்புக்கு மேல் தள்ளினால் பக்கவாட்டில் நெளிந்துவிடும். உடைந்துபோவதற்கு வெகுமுன்பே இது நடக்கும்.

அந்த வரம்பைக் கணக்கிடும் வழியை ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை 1744ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் தந்துவிட்டார். தண்டின் நீளம் இரண்டு மடங்கானால் அது தாங்கும் தள்ளுவிசை நான்கில் ஒரு பங்காகிவிடும். உருண்டைத் தண்டின் தடிமன் இரண்டு மடங்கானால் தாங்கும் விசை பதினாறு மடங்காகும். இரண்டு அல்ல, நான்கு அல்ல, பதினாறு! என்னை நம்ப வேண்டாம். சாத்தே குச்சி ஒன்றை எடுத்துக் கூர்முனையை வெட்டிவிட்டு 20 செ.மீ. நீளமாக்கிக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசின்மேல் அதை நிறுத்தி, மேலிருந்து உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். கைக்கு நடுவே மடித்த துணி இருக்கட்டும். குச்சி நெளியத் தொடங்கும்போது தராசு காட்டும் எடையைக் குறியுங்கள். பிறகு குச்சியைச் சரிபாதியாக வெட்டி மறுபடி அழுத்துங்கள். ஏறத்தாழ நான்கு மடங்கு எடை காட்டும். மூங்கில் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை, ஆகவே மிகச் சரியாக நான்கு வராது. வராததும் நல்ல பாடம்.

இப்போது காருக்கு வருவோம். செர்வோவின் வலுவைக் கிலோகிராம்-சென்டிமீட்டரில் குறிப்பார்கள். பழைய செர்வோ 10. அதாவது அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 10 கிலோவைத் தாங்கும். எங்கள் கார்க் கையின் நீளம் 2 செ.மீ. ஆகவே தண்டுக்குக் கிடைப்பது 5 கிலோ எடை, ஏறத்தாழ 50 நியூட்டன். படிவம் 2இல் ‘மோமேன் டாயா’ என்று படித்த அதே கணக்குதான். புதிய செர்வோ 20; அது தண்டைத் தள்ளுவது ஏறத்தாழ 100 நியூட்டன். தை ராடோ 10 செ.மீ. நீளம், 5 மி.மீ. தடிமன் கொண்ட நைலான். நைலானின் யங் மட்டை 2 கிகாபாஸ்கல் என்று வைத்து ஆய்லர் கணக்கைப் போட்டால் அது தாங்குவது 60 நியூட்டன். பழைய செர்வோவுக்கு அந்தத் தண்டு மயிரிழையில் போதுமானதாக இருந்தது. புதிய செர்வோவுக்கு அது வெறும் நூல். 60 வெள்ளி செலவழித்ததும் கார் ஏன் இன்னும் மோசமானது என்பது வெண்பலகையில் நான்கு வரியில் தெரிந்துவிட்டது. அன்று அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தேர்வுத் தாளுக்கு வெளியே சூத்திரம் வேலை செய்ததை அவர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

தீர்வு மலிவானது. ஹார்ட்வேர் கடையில் 3 மி.மீ. மரை போட்ட எஃகுத் தண்டு ஒன்று, அதன்மேல் போர்த்த ஓர் அலுமினியக் குழாய்த் துண்டு, இறுக்க இரண்டு நட்டு. எல்லாம் சேர்த்து 5 ரிங்கிட்டுக்குள். மரைக்கு உள்ளே இருக்கும் எஃகு 2.4 மி.மீ. தடிமன்தான், ஆனாலும் அதே கணக்கில் 300 நியூட்டனுக்கு மேல் தாங்கும். நைலானைவிட எஃகு அவ்வளவு விறைப்பானது. இரு முனைகளிலும் இருந்த பழைய பந்து மூட்டுகளையே திருகிவிட்டோம். வெட்டும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், எஃகுத் துகளுக்கு இரக்கம் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. புதுத் தண்டின் நீளம் பழையதற்குச் சரியாக இருக்க வேண்டும். பந்தின் மையத்திலிருந்து பந்தின் மையம் வரை அளக்க வேண்டும். 2 மி.மீ. கூடினாலும் இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டோ நிற்கும். வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்பதற்காகவே நக்கிள் கைகள் சாய்வாக அமைக்கப்பட்டிருக்கின்றன. மியூனிக் நகரில் குதிரை வண்டி செய்த லாங்கென்ஸ்பெர்கர் என்பவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. லண்டனில் 1818இல் அதற்குக் காப்புரிமை பதிவு செய்தவர் ஆக்கர்மேன். இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர்.

கார் இரண்டு வாரம் அருமையாக ஓடியது. அப்புறம் செர்வோவின் பிளாஸ்டிக் கை வழுக்கத் தொடங்கியது. அச்சைச் சுற்றிப் பொடிப்பொடிப் பற்கள் இருக்கும். கையின் துளைக்குள்ளும் அதற்கேற்ற பற்கள் இருக்கும். துளைக்குள் இருந்த பற்கள் மழுங்கிவிட்டன. மாணவன் அதைக் கழற்றி என்னிடம் காட்டினான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் தலையை முழுவதும் நிமிர்த்தக்கூட இல்லை. “பிளாஸ்டிக்தானே, அப்படித்தான் இருக்கும். அதைக் குப்பையில போட்டுட்டு அலுமினியம் வாங்கிப் போடு தம்பி.”

வாங்கினான். முதலில் வாங்கியது பொருந்தவில்லை. செர்வோ அச்சில் 25 பல் உள்ளவையும் உண்டு, 24, 23 பல் உள்ளவையும் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். எண்ணிப் பார்த்து வாங்குங்கள், சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை உலு லங்காட் பக்கம் ஓர் ஆற்றங்கரைக்குக் கழகத்தோடு போயிருந்தோம். அலுமினியக் கை மாட்டிய கார் ஒரு பாறை உச்சியிலிருந்து புரண்டு, முன் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே குத்தி நின்றது. ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கை அப்படியே இருந்தது. தை ராட் அப்படியே இருந்தது. செர்வோ மட்டும் உள்ளே கரகரவென்று சுற்றியது, சக்கரம் திரும்பவில்லை. உள்ளே பற்சக்கரம் போய்விட்டது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. காரைத் துடைத்துப் பையில் வைத்தான். மூன்று வாரம் கழகத்துக்கு வரவில்லை.

எனக்கு உறைத்தது அன்று இரவுதான். அந்த வாரம் திங்கட்கிழமை இன்னொரு வகுப்பில் நான் நடத்தியது ஃபியூஸ் பற்றிய பாடம்! மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மெல்லிய கம்பி உருகி, விலை உயர்ந்த சாதனத்தைக் காப்பாற்றும் என்று படம் போட்டு விளக்கியிருக்கிறேன். தடிமனான கம்பியை ஃபியூஸில் சுற்றினால் வீடே எரியும் என்றும் எச்சரித்திருக்கிறேன். அதே வாரத்தில் ஒரு காரின் ஃபியூஸைக் கழற்றி எறியச் சொன்னவனும் நானே. பிளாஸ்டிக் கை அந்தக் காரின் ஃபியூஸ். விலை 2 ரிங்கிட்.

ஒரு சங்கிலியில் ஒரு கண்ணியைப் பலப்படுத்தினால் சங்கிலி உடையாமல் போய்விடாது; அடுத்த மெலிந்த கண்ணியில் உடையும். செர்வோவைப் பெரிதாக்கினான், தண்டு நெளிந்தது. தண்டை எஃகாக்கினோம், கை வழுக்கியது. கையை அலுமினியமாக்கினோம், பற்சக்கரம் போனது. ஒவ்வொரு முறையும் பலவீனத்தை விலை கூடிய இடத்துக்குத் தள்ளிக்கொண்டே போனோம். மீனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய சிறு படகு மோட்டார்களில் விசிறியை அச்சோடு பிணைக்க மெல்லிய உலோக ஊசி ஒன்றைச் செருகியிருப்பார்கள். விசிறி ஒரு மரக்கட்டையில் மோதினால் ஊசி அறுந்துவிடும், மோட்டார் பிழைக்கும். படகில் உதிரி ஊசி இருக்கும். ஊசிக்குப் பதில் கெட்டியான ஆணியைச் செருகுகிறவன் ஒருநாள் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர வேண்டும்.

மூன்று வாரம் கழித்து நானே அவனைக் கூப்பிட்டேன். செர்வோவுக்குப் பணம் தருகிறேன் என்றதற்கு “வேணாம் சார்” என்றான். “சரி, பாகங்களையாவது கொண்டா, பிரிச்சுப் பார்ப்போம்” என்றேன். கொண்டுவந்தான். பென்சில் பெட்டிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கொட்டினான். அதில் நான் குப்பையில் போடச் சொன்ன அந்தப் பிளாஸ்டிக் கையும் இருந்தது. அவன் எறியவில்லை.

உருப்பெருக்கியின் கீழ் வைத்தோம். துளைக்குள் பற்கள் முழு ஆழத்துக்கும் மழுங்கியிருக்கவில்லை. வெளிப்பக்கப் பாதியில் புதிதுபோல நின்றன. உள்பக்கப் பாதியில் மட்டும் வழித்து எடுத்ததுபோல இருந்தது. ஒரு பெண் பிள்ளைதான் முதலில் சொன்னாள்: “சார், இது முழுசா உள்ள போகவே இல்ல.” ஆம். கையை அச்சில் இறுக்கிப் பிடிக்கும் நடுத் திருகாணி தளர்ந்திருக்கிறது. கை மெல்ல வெளியே நகர்ந்து, பாதிப் பற்களை மட்டும் பிடித்துக்கொண்டு வேலை செய்திருக்கிறது. பாதிப் பல் முழுச் சுமையைச் சுமந்தால் மழுங்காமல் என்ன செய்யும்? பிளாஸ்டிக் மேல் தவறே இல்லை. திருகாணியை இறுக்கி, அது தளராமல் இருக்க மரைப் பசை ஒரு சொட்டு விட்டிருந்தால் போதும். பசை பிளாஸ்டிக்கில் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சில வகை பிளாஸ்டிக்கை அது விரியச் செய்யும். நான் தலையை நிமிர்த்தி ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அந்த 60 ரிங்கிட் பிழைத்திருக்கும்.

செர்வோவையும் திறந்தோம். கடைசிக்கு முந்திய பற்சக்கரத்தில் மூன்று பற்கள் இல்லை. மற்ற எல்லாம் நன்றாக இருந்தன, மோட்டார் சுற்றியது. ஆனால் அந்த மாதிரிக்குப் பற்சக்கரம் தனியாக விற்பதில்லை. மூன்று பல்லுக்காக முழுப் பெட்டியும் குப்பை. செர்வோ வாங்கும்போது எத்தனை கிலோ என்று மட்டும் கேட்காதீர்கள். உள் பற்சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கிற செர்வோ பத்து வெள்ளி கூடுதலானாலும் நான் அதைத்தான் வாங்குவேன்.

வேறு வழியில்லாமல் அவனுடைய பழைய 10 கிலோ செர்வோவையே மறுபடி பொருத்தினோம். பிறகுதான் எங்களுக்கே வெட்கமான ஒன்றைக் கவனித்தோம். கையில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தன. 2 செ.மீ. துளையிலிருந்து தண்டைக் கழற்றி 1.5 செ.மீ. துளையில் மாட்டினால் விசை 50 நியூட்டனிலிருந்து 65 ஆகும். செலவு ஒரு சென்கூட இல்லை. சும்மா கிடைக்காது அல்லவா? தண்டு நகரும் தூரம் குறையும், சக்கரம் திரும்பும் கோணம் குறையும். ரிமோட்டில் செர்வோ எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்று வைக்கும் அமைப்பைக் கொஞ்சம் கூட்டி அதைப் பெரும்பாலும் மீட்டுவிட்டோம். எஃகுத் தண்டு, முழுதாக இறுக்கிய பிளாஸ்டிக் கை, உள் துளை. அந்தப் பழைய செர்வோவோடு கார் இப்போது ஏறுகிற பாறைகளை முன்பு ஏறியதில்லை. ஆரம்பத்தில் புது செர்வோவே தேவைப்பட்டிருக்காது.

அந்த அமைப்பைப் பற்றி இன்னொன்று. சக்கரம் முழுதாகத் திரும்பி நக்கிள் அச்சில் முட்டிய பிறகும் செர்வோ தள்ளிக்கொண்டே இருந்தால், ஒரு கொசு முனகுவதுபோலச் சத்தம் வரும். அப்போது செர்வோ தன்னால் இயன்ற அதிகபட்ச மின்னோட்டத்தை இழுக்கிறது. சூடேறும், சில நேரம் மின்னழுத்தம் இறங்கி ரிமோட் தொடர்பே ஒரு கணம் அறுந்துபோகும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, முனகல் நிற்கும் இடம் வரை அந்த எல்லையைக் குறைத்துவிடுங்கள். எந்த உலோகப் பாகமும் செய்யாத வலுவூட்டல் இது.

நக்கிள் உடைவதும் உண்டு. பெரும்பாலும் திருகாணித் துளையின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும். கூர்மையான மூலையில் தகைவு குவிகிறது. அதோடு நம் கை வேறு திருகாணியை ‘இன்னும் ஒரு சுற்று’ என்று முறுக்கியிருக்கும். பிளாஸ்டிக் உடைவதற்கு முன் அந்த இடம் வெளுத்துக் காட்டும். கறுப்பு நைலானில் வெள்ளைக் கீற்று தெரிந்தால் அது உங்களுக்கு வந்த கடிதம். உடனடிப் பசையால் நைலானை ஒட்டுவது மறுநாள் வரைதான் தாங்கும். நான் பலமுறை ஒட்டிப் பார்த்துவிட்டேன். மரை தேய்ந்த துளை என்றால் நீளமான திருகாணியை ஊடுருவ விட்டு மறுபக்கம் நட்டுப் போடலாம். புதிதாக வாங்கும் நைலான் பாகம் நொறுங்கும் தன்மையோடு இருந்தால் சிறிது நேரம் கொதிநீரில் போட்டு எடுப்பது பழைய கைவேலைக்காரர்களின் வழக்கம். இதில் மாயம் இல்லை. நைலான் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய நைலான் காய்ந்ததைவிட வளைந்து கொடுக்கும், சட்டென்று உடையாது. கூடவே விறைப்பும் குறையும், ஆகவே தை ராடுக்கு இது ஆகாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அம்மாவின் சமையல் பானையைத் தொடாதீர்கள்.

எங்கள் பள்ளியிலேயே ஒரு சக ஆசிரியர் என்னோடு உடன்படவில்லை. “இரண்டு வெள்ளி சாமானுக்கு இரண்டு மணி நேரமா? பரீட்சை வருது” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாவற்றையும் பழுதுபார்க்க வேண்டும் என்பது என் வாதம் அல்ல. உப்பிய லித்தியம் மின்கலத்தை யாரும் தொடக்கூடாது. அது பழுதுபார்க்கும் பொருளே அல்ல. நெகிழ்ந்த டயரை, தேய்ந்த பந்து மூட்டை மாற்றிவிட வேண்டியதுதான். நான் கேட்பது மாற்றுவதற்கு முன் ஒரு பார்வை. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் பிள்ளைகள் திருப்புத்திறன், உராய்வு, யங் மட்டு, மின்னோட்டம் நான்கையும் ஒரே மேசையில் தொட்டார்கள். இதைவிட நல்ல மீள்பார்வை வகுப்பை நான் நடத்தியதில்லை.

ஆனால் நம் போட்டிகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. புத்தாக்கப் போட்டிக்குப் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். காட்சிக்கு வைக்கும்போது அது பளபளக்க வேண்டும். கழகத்துக்கு ஒதுக்கிய பணத்தில் புதுப் பெட்டி வாங்குகிறோம். ஆண்டு முடிவில் உடைந்ததையெல்லாம் கூட்டித் தள்ளுகிறோம். வீட்டில் பணம் உள்ள பிள்ளை உடைந்ததும் அலுமினியம் வாங்கிப் போடுகிறது. இல்லாத பிள்ளை மூன்று வாரம் வராமல் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அறிவியலில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாம் பதிவேட்டில் எழுதுகிறோம்.

எங்கள் கழகத்தின் கார் போட்டியில் இந்த ஆண்டு ஒரு விதியை மாற்றியிருக்கிறோம். பாதையை முடிக்கும் நேரத்துக்குப் பாதி மதிப்பெண். மீதிப் பாதி, உடைந்த பாகத்தைக் கையோடு கொண்டுவந்து, எங்கே தொடங்கியது, எந்த விசையால், அடுத்து என்ன செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதுவதற்கு. படமும் வரைய வேண்டும். எதுவுமே உடையாத கார் என்ன செய்யும் என்று ஒருவன் கேட்டான். எது முதலில் உடையும் என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னோம். மற்றப் பள்ளிகளும் இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை, ஓர் உருப்பெருக்கியும் ஒரு டப்பாவும் போதும்.

டப்பா எங்களுடையது பழைய பிஸ்கட் டப்பா. ஒவ்வொரு துண்டிலும் தேதி எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் கைகளின் வலுவைச் சோதிக்க, செத்துப்போன அந்த செர்வோவின் அச்சைப் பிடிப்பானில் இறுக்கி, கையில் வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். ஒரே பையில் வந்த நான்கு கைகளும் நான்கு வெவ்வேறு எடையில் வழுக்கின. நான்கும் செர்வோ தரக்கூடிய விசைக்கு மேல் தாங்கின என்பதால் நிம்மதி. அந்த நான்கும் டப்பாவில் இருக்கின்றன. 60 வெள்ளி செர்வோவின் பல் போன சக்கரமும் இருக்கிறது. மழுங்கிய அந்த முதல் கைக்கு அவன் 1 என்று எண் போட்டிருக்கிறான்.

போன சனிக்கிழமை ஆற்றங்கரையில் அவன் கார் மறுபடி புரண்டது. கை உடைந்தது. பையிலிருந்து உதிரியை எடுத்து, திருகாணியை இறுக்கி, பத்து நிமிடத்தில் மறுபடி ஓட்டினான். உடைந்ததை என்னிடம் நீட்டினான். இந்த முறை பற்கள் முழுதாக நன்றாக இருக்கின்றன. கையின் நடுவே, துளையே இல்லாத இடத்தில் குறுக்காக முறிந்திருக்கிறது. அந்த இடத்தில் வெளுப்பும் இல்லை. ஏன் அங்கே என்று இருவருக்கும் புரியவில்லை. எண் 11 போட்டு வைத்திருக்கிறோம். புதன்கிழமை கழகம் கூடும்போது உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும்.